வாடகை வீட்டின் வாசற்படி

வாடகைக்கு விட்ட வீட்டுக்குள் அதன் சொந்தக்காரர் கேட்காமல் நுழையலாமா என்பது மேலோட்டமாகப் பார்த்தால் சட்டக் கேள்வி. உள்ளே போனால், சொத்து என்றால் என்ன என்ற கேள்வியில் போய் நிற்கிறது. பத்திரம் ஒருவர் பெயரில் இருக்கிறது, வீட்டு வரியை அவர் கட்டுகிறார், தளம் ஒழுகினால் செலவும் அவருக்குத்தான். ஆனால் அங்கே அடுப்பு மூட்டுவதும், பிள்ளையைத் தூங்க வைப்பதும், சண்டை போட்டுச் சமாதானம் ஆவதும் வேறொருவர். இந்த இருவரில் வாசற்படி யாருக்குச் சொந்தம்? "என் வீட்டுக்குள் போக நான் யாரைக் கேட்க வேண்டும்?" என்பது பல வீட்டுக்காரர்களின் பதில். சமயச் சட்டங்களும் மெய்யியலாளர்களும் சொன்ன பதில்கள் தம்முள் முழுதும் ஒத்துப்போவதில்லை. இருந்தாலும் பழைய மரபுகளில் சில, எதிர்பார்ப்பதைவிட அதிகமாகவே, குடியிருப்பவர் பக்கம் சாய்கின்றன.

நடைமுறையில் அத்துமீறல் மிகச் சாதாரணமாக நடக்கிறது. கணவனும் மனைவியும் வேலைக்குப் போன பிறகு, தன்னிடம் உள்ள இன்னொரு சாவியால் கதவைத் திறந்து, குளியலறைக் குழாய் சொட்டுகிறதா என்று வீட்டுக்காரர் பார்க்கிறார். திரும்பும்போது சமையலறை மேடை மேலும் ஒரு பார்வை போகிறது. சாயங்காலம் படியில் எதிர்ப்படுகையில், "ஃபேனை ஆஃப் பண்ணாம போயிட்டீங்க" என்று அக்கறையோடு சொல்கிறார். ஊரிலிருந்து வந்தவர்கள் எத்தனை நாள் இருப்பார்கள், ராத்திரி பத்தரைக்கு மேல் கேட் ஏன் திறந்தது, கருவாட்டு வாசனை எங்கிருந்து வந்தது என்ற விசாரணைகளும் உண்டு. சில வீடுகளில் குடித்தனக்காரரின் வாசலையே குறிவைத்த கேமரா உண்டு. இவற்றில் எதிலும் பொருள் திருடுபோவதில்லை. குடித்தனக்காரருக்குக் குறை சொல்ல வாய் வராததற்கு இது ஒரு காரணம்: எதை இழந்தீர்கள் என்று கேட்டால் காட்ட ஒன்றும் இல்லை.

பார்ப்பது ஓர் இழப்பை உண்டாக்குமா என்பதை யூத மரபு நேராகவே எடுத்து விவாதித்தது. முற்றத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும் இருவர் நடுவில் சுவர் எழுப்ப வேண்டுமா என்ற வழக்கில், அடுத்தவரின் பார்வை படுவதே சேதமாகுமா என்று தல்மூத் கேட்கிறது. இருபக்க வாதங்களும் நீளமானவை. ஆகும் என்பதே பிற்காலத் தொகுப்புகளில் நிலைத்த தீர்ப்பு. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னா, பொது முற்றத்தில் ஒருவர் தன் வாசலையோ ஜன்னலையோ எதிர்வீட்டாரின் வாசலுக்கும் ஜன்னலுக்கும் நேராகத் திறக்கக் கூடாது என்கிறது. திறந்தவர் நிஜமாகவே எட்டிப் பார்த்தாரா என்பது அங்கே பொருட்டில்லை. எந்நேரமும் பார்க்கப்படலாம் என்ற நினைப்போடு வாழ வேண்டியிருப்பதே இழப்பு. குழாயைப் பார்க்க வந்தேன் என்று சொல்லும் வீட்டுக்காரர் நல்லவராகவே இருக்கலாம். அதனால் இந்த இழப்பு குறைந்துவிடுவதில்லை.

வாடகையைப் பற்றியும் அதே மரபில் ஒரு கறாரான கருத்து உண்டு: வாடகைக்கு விடுவது அந்தக் காலத்துக்கு விற்றுவிடுவதற்குச் சமம். இந்தக் கருத்தை எங்கெல்லாம் பொருத்தலாம் என்பதில் அறிஞர்கள் பிரிகிறார்கள் என்றாலும், அதன் போக்கு தெளிவு. மிஷ்னாவின் பாபா மெட்ஸியா என்ற பகுதி, மழையும் குளிரும் உள்ள கூடாரப் பண்டிகை முதல் பஸ்கா வரையான மாதங்களில் குடியிருப்பவரை வெளியேற்றக் கூடாது என்கிறது. கோடையில் முப்பது நாளும் பெரிய நகரங்களில் பன்னிரண்டு மாதமும் முன்னறிவிப்புக் கேட்கிறது. இவற்றைவிடக் கவனிக்க வேண்டியது மெசூசா பற்றிய விதி. வேத வசனம் எழுதிய தோல் சுருளை வாசல் நிலையில் பதிப்பது கடமை. வாடகை வீட்டில் அந்தக் கடமை யாருக்கு? குடியிருப்பவருக்கு. கதவும் நிலையும் இன்னொருவர் காசில் செய்தவையாக இருந்தாலும், அந்த வாசலைப் புனிதப்படுத்தும் பொறுப்பு உள்ளே வாழ்பவருடையது.

தமிழ் வழக்கமும் இதையே வேறு விதமாகச் செய்கிறது. சொந்தக்காரர் வீடு கட்டி முடித்ததும் கிரகப்பிரவேசம் செய்கிறார். ஹோமம், பந்தி எல்லாம் நடக்கிறது. பத்து வருடம் கழித்து அதே வீட்டுக்கு வாடகைக்கு வருகிறவர் நல்ல நாள் பார்த்து, சாமி படத்தை முதலில் உள்ளே கொண்டுபோய், புது இடத்தில் பால் காய்ச்சுகிறார். முன்பு ஒரு குடும்பம் அங்கே பால் காய்ச்சியிருக்கும். அடுத்து வருகிற குடும்பமும் காய்ச்சும். வீட்டுக்காரரின் கிரகப்பிரவேசம் எல்லாருக்கும் சேர்த்துப் போதும் என்று யாரும் நினைப்பதில்லை. மறுநாள் விடிகாலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுவதும் வாடகைக்கு வந்தவர்தான். வழிபாட்டுக் கணக்கில் அது அவர் வீடு.

அர்த்தசாஸ்திரம் இவ்வளவு நெகிழ்வதில்லை. அது வீட்டை அபராதக் கணக்கில் பார்க்கிறது. மூன்றாம் அதிகரணத்தில் வீடு, மனை பற்றிய பகுதியில், வேண்டாம் என்று சொன்ன பிறகும் தங்கியிருப்பவருக்குத் தண்டம் விதிக்கும் அதே மூச்சில், வாடகைக்கு இருப்பவரை வெளியே தள்ளும் சொந்தக்காரருக்கும் தண்டம் விதிக்கிறது. வசைமொழி, அடிதடி, திருட்டு போன்ற குற்றங்களைக் குடியிருப்பவர் செய்திருந்தால் மட்டும் விலக்கு. தானாகக் காலி செய்து போகிறவர் அந்த வருடத்தின் மீதி வாடகையைக் கட்ட வேண்டும். இருவரையும் ஒரே தராசில் நிறுத்தும் இந்த வறண்ட நியாயம், இன்றைய பல வாடகை ஒப்பந்தங்களைவிட மேல்.

கேள்விக்கு மிகத் துல்லியமான பதில் இஸ்லாமிய உரை நூல்களில் இருக்கிறது. குர்ஆனின் அந்நூர் அத்தியாயம், 27, 28 வசனங்கள், உங்களுடையவை அல்லாத வீடுகளில் அனுமதி கேட்காமலும், உள்ளே இருப்பவர்களுக்கு சலாம் சொல்லாமலும் நுழைய வேண்டாம் என்றும், திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிட வேண்டும் என்றும் விதிக்கின்றன. இங்கே ஒரு சிக்கல். 'உங்களுடைய வீடு' என்றால் சொந்தமான வீடா, குடியிருக்கும் வீடா? சொந்தமான வீடு என்று பொருள் கொண்டால், வாடகைக்கு விட்டவர் தன் வீட்டுக்குள் தாராளமாக நுழையலாம். 13ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தில் வாழ்ந்த பைளாவி தம் உரையில் இந்த வழியை அடைத்துவிடுகிறார். நீங்கள் குடியிருக்காத வீடுகள் என்பதே வசனத்தின் பொருள் என்கிறார். அதற்கு அவர் காட்டும் காரணம்தான் முக்கியம்: வாடகைக்கு விட்டவரும், இரவலாகக் கொடுத்தவரும்கூட அனுமதி இல்லாமல் உள்ளே போவதில்லை. சட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் போல அதை வைத்து, வசனத்துக்குப் பொருள் சொல்கிறார். இரவல் கொடுத்தவரையும் சேர்த்ததில் நுட்பம் இருக்கிறது. வாடகை கொடுப்பதால்தான் உரிமை என்றால், காசு கொடுக்காமல் தங்கியிருப்பவருக்கு அது கிடையாது. பைளாவியின் பொருளில் உரிமை பணத்திலிருந்து வருவதில்லை, அங்கே வாழ்வதிலிருந்து வருகிறது.

ஆட்சியாளருக்கே இந்த விதி பொருந்தும் என்று காட்ட, இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யா நூலில் கலீபா உமர் பற்றி வழங்கிவரும் ஒரு செய்தியைச் சொல்கிறார். உமர் ஒரு வீட்டின் சுவரேறி உள்ளே பார்க்கிறார். அங்கே ஒருவர் தகாத நிலையில் இருக்கிறார். கண்டித்தபோது அந்த மனிதர் திருப்பிக் கேட்கிறார்: நான் செய்த தவறு ஒன்று, நீங்கள் துருவிப் பார்த்தீர்கள், வாசல் வழியாக வரவில்லை, அனுமதி கேட்கவில்லை, மூன்றுமே குர்ஆன் தடுத்தவை அல்லவா? உமர் அதை ஒப்புக்கொண்டு, திருந்த வேண்டும் என்ற பேச்சோடு அவரை விட்டுவிடுகிறார். உள்ளே நடந்தது தவறே என்று நிரூபணமான பிறகும், நுழைந்தது சரி ஆகிவிடவில்லை. "போய்ப் பார்த்ததால்தானே தெரிந்தது" என்று வாதாடும் வீட்டுக்காரர்களுக்கு இந்தக் கதை உதவாது.

ஆனால் வீட்டுக்காரர் பக்கத்தில் ஒரு கனமான வாதம் இருக்கிறது. அதைத் தள்ளிவிட்டுப் போக முடியாது. நான் கொடுத்த இடத்தில் பாவம் நடந்தால் அதில் எனக்குப் பங்கில்லையா? என் கூரைக்குக் கீழே நடப்பதைக் கண்டும் காணாமல் இருப்பது அறமா? வம்புக்கு அலைகிறவர் மட்டும் கேட்கும் கேள்வி இல்லை இது. மனசாட்சி உள்ளவருக்கும் எழும். இஸ்லாமியச் சட்டப் பள்ளிகளில் ஒன்றான ஹனஃபி சட்டத்தில் இது ஒரு புகழ்பெற்ற கருத்து வேறுபாடாகவே பதிவாகியிருக்கிறது. ஒருவர் தம் வீட்டை வாடகைக்கு விடுகிறார். வாடகைக்கு எடுத்தவர் அங்கே மது விற்கவோ, தீக்கோயிலோ தேவாலயமோ நடத்தவோ போகிறார். இஸ்லாமியர் அல்லாதவர் மிகுதியாக வாழ்ந்த ஈராக்கின் சவாத் பகுதி தொடர்பாக வந்த கேள்வி இது. அந்தப் பள்ளியின் முதல்வரான அபூ ஹனீஃபா குற்றமில்லை என்றார். அவருடைய மாணவர்கள் அபூ யூசுஃபும் முஹம்மதும் மறுத்தார்கள். தவறுக்குத் துணைபோவது ஆகும் என்பது அவர்கள் கட்சி. 12ஆம் நூற்றாண்டின் ஹிதாயா நூல் அபூ ஹனீஃபாவின் நியாயத்தை விளக்குகிறது: வாடகை ஒப்பந்தம் வீட்டின் பயன்பாட்டின் மேல் செய்யப்பட்டது. சாவியைக் கொடுத்த கணத்திலேயே வாடகை சேரத் தொடங்குகிறது. அதில் பாவம் இல்லை. பாவம் குடியிருப்பவரின் செயல். அதை அவர் தம் விருப்பப்படி செய்கிறார். நடுவில் ஒரு சுதந்திர மனிதரின் முடிவு வந்துவிட்டதால், வீட்டுக்காரருக்கும் அந்தச் செயலுக்கும் இருந்த தொடர்பு அறுந்துபோகிறது.

மாணவர்களின் கட்சியை ஏற்றாலும் அது எதுவரை போகும் என்பதைப் பார்க்க வேண்டும். இன்ன காரியத்துக்கு வீட்டைத் தர மாட்டேன் என்று தொடக்கத்திலேயே மறுக்க அது இடம் தரலாம். கொடுத்த பிறகு தினமும் போய்ச் சோதிக்க இடம் தருவதில்லை. தமிழ்நாட்டில் இந்த இரண்டும் குழம்பிக் கிடக்கின்றன. 'சைவம் மட்டும்' என்ற பலகைக்குப் பின்னால் உணவு விருப்பம் மட்டும் இருப்பதில்லை, சாதி, மத விசாரணையும் இருக்கிறது என்பது வாடகைக்கு வீடு தேடிய எவருக்கும் தெரியும். அந்த நிபந்தனை நியாயமா என்பது தனிக் கேள்வி. நிபந்தனையை ஏற்றுக் குடிவந்தவரின் அடுப்படியில் மூடியைத் திறந்து பார்ப்பது அதற்கும் அப்பால். அபூ ஹனீஃபாவின் வாதத்தில் வீட்டுக்காரருக்கும் ஒரு விடுதலை இருக்கிறது: அடுத்தவர் சட்டியில் கொதிப்பதற்கு அவர் பொறுப்பாளி அல்ல.

சமயத்தின் பெயரால் வரும் இன்னொரு பேச்சு, எதுவும் நிலையில்லை, இருக்கும் இடத்துக்கு ஏன் இந்த உரிமைச் சண்டை என்பது. உடம்பில் உயிர் இருப்பதே ஒண்டுக்குடித்தனம் என்ற பொருளில் திருக்குறளின் நிலையாமை அதிகாரம் முடிகிறது. லேவியராகமம், நிலம் கடவுளுடையது, அதை ஆண்டு அனுபவிக்கும் மனிதர் பரதேசிகள் என்கிறது. இந்தப் பேச்சு வழக்கமாகக் குடித்தனக்காரரை அடக்கவே எடுக்கப்படுகிறது. உண்மையில் அது முதலில் உடைப்பது பத்திரக்காரரின் பெருமையை. உயிரே குடிக்கூலிக்கு இருக்கும்போது, மூலப்பத்திரத்தைக் காட்டி அதிகாரம் செய்ய யாருக்கும் இடமில்லை.

மேற்கத்திய மெய்யியல் இங்கே எதிர்த் திசையில் தொடங்கியது. ரோமச் சட்டம் வாடகைக்கு இருப்பவருக்குச் சுவாதீனத்தைக்கூட முழுதாகத் தரவில்லை. அவர் மூலமாகச் சொந்தக்காரரே வைத்திருப்பதாகக் கணக்கு. குடியிருப்பவருக்கு இருந்தது ஒப்பந்தத்தின் மேல் வழக்குப் போடும் வழி மட்டும். 1797இல் இம்மானுவேல் கான்ட் இதே தடத்தில் நின்றார்: வாடகை என்பது குறிப்பிட்ட ஒருவர் கொடுத்த வாக்கின் மேல் உள்ள உரிமை, வீட்டின் மேல் உள்ள உரிமை அல்ல, ஆகவே வீடு கைமாறினால் வாடகை முறியும். அவர் வாழ்ந்த பிரஷ்யாவின் 1794ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு ஏற்கெனவே இதற்கு எதிராக, விற்பனையால் வாடகை முறியாது என்று சொல்லியிருந்தது. கான்ட் ஐம்பது வயது தாண்டும்வரை வாடகை அறைகளில் இருந்தவர். 1783இல்தான் சொந்த வீடு வாங்கினார். பக்கத்து வீட்டுச் சேவல் கூவுவது பொறுக்காமல் ஒரு முறை இடம் மாறியவர் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அமைதியின் விலை தெரிந்தவர், சட்டத்தில் மட்டும் அதைக் குடித்தனக்காரருக்குத் தரத் தயங்கினார்.

இந்தப் பிடி 20ஆம் நூற்றாண்டில் தளர்ந்தது. 1933இல் ஜெர்மனியிலிருந்து தப்பி ஓடிய ஹன்னா அரெண்ட், 1958இல் வெளிவந்த 'மனித நிலை' நூலில் சொத்தையும் செல்வத்தையும் பிரித்துக் காட்டினார். பழங்காலத்தில் சொத்து என்றால் உலகத்தில் ஒருவருக்கென்று இருக்கும் ஓர் இடம். பிறர் பார்வையிலிருந்து ஒதுங்கிக்கொள்ள நான்கு சுவர். செல்வம் வேறு, அது கைமாறும், பெருகும், குறையும். இந்தப் பிரிவினையை வாடகை வீட்டின் மேல் வைத்துப் பார்த்தால், வீட்டுக்காரருக்கு அந்தக் கட்டடம் செல்வம், குடியிருப்பவருக்கே அது அந்தப் பழைய பொருளில் சொத்து. அமெரிக்கச் சட்ட அறிஞர் மார்கரெட் ரேடின் 1982இல் எழுதிய கட்டுரை இதைச் சட்ட மொழிக்குக் கொண்டுவந்தது. ஒரு பொருள் போனால் அதே விலைக்கு இன்னொன்று வாங்கி ஈடுசெய்ய முடியுமானால் அது ஒரு வகை. ஒருவரின் வாழ்க்கையோடு பின்னிப்போனது இன்னொரு வகை. ஒரே வீடு இருவருக்கு இரு வகையாக இருக்கலாம் என்றார் அவர். ஜெர்மன் அரசியல் சாசன நீதிமன்றம் 1993இல் இன்னும் ஒரு படி மேலே போய், வாடகைதாரரின் குடியிருப்பு உரிமையே சாசனம் காக்கும் சொத்துரிமைதான் என்று தீர்ப்பளித்தது.

அந்த நாட்டிலேயே நடந்த ஒரு வழக்கு மொத்த விவாதத்தையும் ஓர் அறைக்குள் கொண்டுவருகிறது. 2012 ஆகஸ்டில் வீட்டுக்காரப் பெண்மணி, புதிதாகப் பொருத்திய புகை எச்சரிக்கைக் கருவிகளைப் பார்க்க, முன்கூட்டிச் சொல்லிவிட்டே வருகிறார். கருவிகளைப் பார்த்த பிறகு மற்ற அறைகளையும் பார்க்கப் புறப்படுகிறார். குடியிருப்பவர் வேண்டாம் என்கிறார். பெண்மணியோ ஜன்னல் மேடையிலிருந்த பொருள்களை எடுத்து வைத்துவிட்டு ஜன்னலைத் திறக்கிறார். வெளியே போகச் சொன்னாலும் போகவில்லை. குடியிருப்பவர் அவரை இரு கைகளாலும் தூக்கிக்கொண்டுபோய் வாசலுக்கு வெளியே விடுகிறார். வீட்டுக்காரர் உடனே காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டார். ஜெர்மன் உச்ச நீதிமன்றம் 2014 ஜூனில் குடியிருப்பவர் பக்கம் தீர்ப்பளித்தது. தூக்கிக்கொண்டு போனது அளவு மீறியதாகவே இருந்தாலும், எல்லையை முதலில் மீறியவர் வீட்டுக்காரர். ஆகவே அதைக் காரணம் காட்டி வெளியேற்ற முடியாது. சும்மா ஒருமுறை பார்த்துவிட்டுப் போகும் உரிமை சொந்தக்காரருக்கு இல்லை. குறிப்பான காரணம் வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது.

இந்தியச் சட்டம் இதற்கான அடித்தளத்தை 1882லேயே போட்டுவிட்டது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவின்படி, வாடகையைக் கட்டி நிபந்தனைகளை நிறைவேற்றும்வரை குடியிருப்பவர் இடையூறின்றி அனுபவிக்கலாம் என்று சொந்தக்காரர் வாக்குக் கொடுத்ததாகவே கொள்ளப்படும். ஒப்பந்தத்தில் அந்த வரி எழுதப்படாவிட்டாலும், மாறாக எதுவும் எழுதாதவரை, இது பொருந்தும். அத்துமீறி நுழைவதைக் குற்றமாக்கும் பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்திலும் சரி, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் சரி, யாருக்குச் சொந்தம் என்று கேட்பதில்லை. யாருடைய சுவாதீனத்தில் இருக்கிறது என்றுதான் கேட்கிறது. மிரட்டவோ அவமதிக்கவோ தொல்லை தரவோ வேண்டும் என்ற நோக்கத்தோடு நுழைந்தால் பத்திரக்காரரும் அதில் சிக்கலாம். வீட்டுக்காரர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்த தமிழ்நாடு 2017இல் இயற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் செயல்படுத்திய சட்டம் இன்னும் தெளிவு. பழுதுபார்க்கவோ, வீடு வாழத்தக்க நிலையில் இருக்கிறதா என்று பார்க்கவோ, ஒப்பந்தத்தில் எழுதிய வேறு நியாயமான காரணத்துக்காகவோ வருவதானால், குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக எழுத்து மூலம் சொல்ல வேண்டும். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்திப் பணிய வைப்பதையும் அது தடுக்கிறது. முறையிட வாடகை அதிகார அமைப்பும் அதற்கு மேல் நீதிமன்றமும் தீர்ப்பாயமும் உண்டு.

இவ்வளவும் தாளில் இருக்க, குடித்தனக்காரர் ஏன் பேசுவதில்லை என்பதற்குப் பதில் அட்வான்ஸில் இருக்கிறது. தமிழ்நாட்டுச் சட்டம் மூன்று மாத வாடகையை முன்பண அளவாகச் சொல்ல, சென்னை வழக்கம் நெடுங்காலமாகப் பத்து மாதம். அந்தத் தொகை வீட்டுக்காரரிடம் இருக்கும்வரை, 24 மணி நேர நோட்டீஸ் கேட்கும் துணிவு பலருக்கு வராது. சுண்ணாம்பு அடிக்க, ஆணித் துளை அடைக்க என்று பிடித்தம் செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, அவரைப் படியில் பார்த்துச் சிரிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

வாசற்படி குடியிருப்பவருடையது என்றாலும் விதிவிலக்குகள் உண்டு. அவற்றைப் பற்றி மரபுகளுக்குள் பெரிய சண்டை இல்லை. தீப்பிடித்தால் யாரும் நோட்டீஸ் கொடுக்கப் போவதில்லை. மேல்வீட்டுக் குழாய் உடைந்து கீழ்வீட்டுச் சுவர் ஊறும்போது குடியிருப்பவர் ஊரில் இல்லாவிட்டால், போனில் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டார் ஒருவரை உடன் வைத்துத் திறப்பதே முறை. மறுபக்கம், நியாயமான பழுதுபார்ப்புக்குத் திரும்பத் திரும்ப நாள் தள்ளிப்போடும் குடித்தனக்காரரும் இருக்கிறார். இடையூறின்றி அனுபவிக்கும் உரிமை கட்டடத்தைக் கெடவிடும் உரிமை ஆகாது.

கடினமான இடம் வேறு. பேயிங் கெஸ்ட் விடுதியில் ஒரு கட்டிலுக்கும் ஒரு பாதி அலமாரிக்கும் மாதாமாதம் பணம் கட்டும் பெண், பெரும்பாலும் சட்டத்தின் கண்ணில் வாடகைதாரர் அல்ல. அவரிடம் இருப்பது 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் சொல்லும் வெறும் அனுமதி. சுவாதீனம் விடுதிக்காரரிடமே இருப்பதாகக் கொள்ளப்படுவதால், மேலே சொன்ன காப்புகளில் பெரும்பகுதி அவரை எட்டுவதில்லை. வார்டன் அலமாரியைத் திறந்து பார்ப்பதும், போன் பேசும் நேரத்தைக் கேட்பதும் பாதுகாப்பு என்ற பெயரில் நடக்கிறது. 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தார்கள் என்றாலும், அது முதன்மையாக அரசுக்கு எதிரான காப்பு. காசே வாங்காமல் இரவல் கொடுத்தவரையும் வாசலில் நிறுத்திய பைளாவியின் அளவுகோலை எடுத்தால், அந்தப் பெண் வாழும் அறையும் அவருடைய வீடுதான். வார்டனும் கதவைத் தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இந்த ஓர் இடத்தில் 13ஆம் நூற்றாண்டு உரை, இன்றைய சட்டத்தைவிட அகலமாக இருக்கிறது.